சனிக்கிழமையை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று உங்கள் இதழில் வந்த சிறப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். காலியான கல்லறைப் படம், வாழ்த்துச் செய்திகள், ஒரு சின்னக் கட்டுரை. குறை சொல்ல ஒன்றும் இல்லை, வருடா வருடம் எல்லாப் பத்திரிகையும் போடுவதுதான். ஆனால் அந்தக் கட்டுரையில், உயிர்த்தெழுதலை நம்புகிறவனுக்கு மரணம் ஒரு பொருட்டே இல்லை, அவன் கல்லறையைப் பார்த்துச் சிரிப்பான் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி வந்தது பாருங்கள், அங்கே நின்றுவிட்டேன். எழுதியவர் இன்னும் யாரையும் புதைக்கவில்லை என்று நினைக்கிறேன். இல்லை, புதைத்த பிறகும் அப்படி எழுத முடிகிறது என்றால் அவர் என்னைவிடப் பெரிய விசுவாசி, அவரிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

நானும் 52 வயது வரை அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். துக்க வீடுகளுக்குப் போய், கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க, ஆண்டவர்கிட்ட போயிட்டாங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. இப்போது அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றுகிறது.

2024 மார்ச் 20, புதன்கிழமை விடியற்காலையில் என் அக்கா இறந்துபோனாள். (அக்காவை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை, நீங்கள் அச்சில் மாற்றினாலும் சரி.) எனக்கு 14 வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னைத் தூக்கி வளர்த்தது அவள்தான். முட்டி வலிக்கு மருந்து தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த வயதிலும் என்னை "சின்னவனே" என்றுதான் கூப்பிடுவாள். உலகத்தில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

தையல் வேலை அவளுக்கு. இருபது வயதில் மெஷின் ஊசி வலது கட்டைவிரலில் இறங்கிவிட்டது, அன்றிலிருந்து அந்த நகம் நடுவில் பிளந்து இரண்டாகத்தான் வளரும். அதை வெட்டுவது பெரிய வேலை. ஒரு பாதியை வெட்டினால் மறு பாதி சதையோடு இழுக்கும், நன்றாக ஊற வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாக வெட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தாள். கடைசி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நகவெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது கை முடிந்தது. வலது கையைத் தொடும்போது தூங்கிவிட்டாள். சரி, அந்தக் கட்டைவிரல் வேறு இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விரித்த துண்டை மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

நாளைக்கு என்று ஒன்று இல்லை. பெட்டியில் கையைக் கட்டி வைத்திருந்தபோது நான் பார்த்தது முகத்தை அல்ல, அந்த ஐந்து விரலையும்தான். இடது கை சுத்தமாக இருக்கிறது, வலது கை வளர்ந்து கிடக்கிறது. பெரிய பெரிய விஷயங்களுக்கு எல்லாம் அழாத நான் அதற்கு அழுதேன். அப்போதுதான் சபையில் மூத்தவர் ஒருவர் தோளைத் தட்டி, "விசுவாசிகள் இப்படி அழலாமா தம்பி, தேவன் தம்முடைய தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார்" என்றார். நல்ல மனுஷன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த நிமிடத்தில், பூப்பறிக்கிற அந்தக் கடவுள்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது அடங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அந்த வருடம் ஈஸ்டர் மார்ச் 31. சரியாகப் பதினொரு நாள் கழித்து. அதிகாலை ஆராதனைக்குப் போனேன், போகாமல் இருந்தால் கேள்வி வரும் என்று. எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள், நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். பொய் சொல்கிற மாதிரி இருந்தது. ஒருவர் எழுந்துவிட்டார், சந்தோஷம், என் அக்கா எழவில்லையே. இதை அப்படியே வெளியே சொல்லியிருந்தால் எனக்காக ஒரு விசேஷ ஜெபக் கூட்டமே வைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வேதாகமத்தைத் தொடவில்லை. அப்புறம், பதில் தேடி என்றுகூடச் சொல்ல முடியாது, சண்டை போடுவதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஈஸ்டர் அதிகாரங்களை மட்டும் நான்கு சுவிசேஷத்திலும் மாற்றி மாற்றி வாசித்தேன். சிறு வயதிலிருந்து மனப்பாடமாக இருந்த பகுதிகள்தான். ஆனால் அந்த நகத்தைப் பார்த்த கண்ணோடு வாசித்ததில்லை.

அந்தப் பெண்கள் எதற்குக் கல்லறைக்குப் போனார்கள்? உயிர்த்தெழுதலைப் பார்க்க யாரும் போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசர அவசரமாக அடக்கம் ஆகிவிட்டது, வேலை செய்யக் கூடாத ஓய்வுநாள் தொடங்கிவிட்டது, செய்ய நினைத்ததைச் செய்து முடிக்கவில்லை. அந்த மிச்சத்தை முடிக்கத்தான் போகிறார்கள். இத்தனைக்கும் நிக்கொதேமு ஏற்கெனவே நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும், அதாவது உடலுக்கு வைக்கிற வாசனைப் பொருட்கள், கொண்டுவந்து வைத்தான் என்கிறார் யோவான், இன்றைய கணக்கில் முப்பது கிலோவுக்கு மேல் வரும். கணக்குப்படி பார்த்தால் இவர்கள் கொண்டுபோகிற சுகந்தவர்க்கம் தேவையே இல்லை. ஆனால் அது கணக்குப் பார்க்கிற வேலையா? தன் கையால் செய்யவில்லையே என்கிற அந்த அரிப்பு எனக்குத் தெரியும். வழியில் அவர்கள் பேசிக்கொள்வதைப் பாருங்கள்: அந்தக் கல்லை நமக்காக யார் புரட்டித் தள்ளுவார்கள்? அவ்வளவுதான் பேச்சு. தத்துவம் இல்லை, நித்திய ஜீவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல் கனமாக இருக்குமே என்கிற கவலை. துக்க வீட்டில் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு நிஜம் என்று புரியும், அங்கேயும் இப்படித்தான், வண்டி வந்ததா, சான்றிதழ் வாங்கியாச்சா என்றே பேச்சு ஓடும்.

அந்த இடத்தில்தான் முதல் முறையாக ஈஸ்டர் என்னைத் தொட்டது. கிறிஸ்தவ மதத்தின் மிகப் பெரிய செய்தி, பாட்டுப் பாடிக்கொண்டு போனவர்களிடம் சொல்லப்படவில்லை. நகம் வெட்டி முடிக்காத கவலையோடு இருட்டோடு கிளம்பிப் போனவர்களிடம் சொல்லப்பட்டது.

மாற்கு எழுதியதோ இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்லது. நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டு, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் பிரதியும் வத்திக்கான் பிரதியும், 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகின்றன. பெண்கள் நடுங்கித் திகைத்து ஓடிவிட்டார்கள், பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. முற்றுப்புள்ளி. கல்லறையைப் பார்த்துச் சிரித்ததாக எங்கேயும் இல்லை.

அடுத்து, செத்து நான்கு நாளான லாசருவின் கதை. அவன் சகோதரிகளில் மார்த்தாள் முதலில் இயேசுவிடம் வந்து, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். பதினொரு வசனம் தள்ளி இன்னொரு சகோதரி மரியாள் வருகிறாள், அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். இரண்டு பேரும் தனித்தனியாக வந்து எப்படி ஒரே வார்த்தையைச் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நான்கு நாளாக அந்த வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் அதைத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் அக்கா மகளும் நானும் அப்படித்தான், "ஒரு வாரம் முன்னாடியே சேர்த்திருந்தா" என்று அவள் ஆரம்பிப்பாள், நான் முடிப்பேன், மறுநாள் நான் ஆரம்பிப்பேன். மார்த்தாளிடம்தான் இயேசு "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று சொல்கிறார். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும், அழுகிறார். அழுகைக்கு முன்னால் ஆவியிலே கலங்கினார் என்று நம் மொழிபெயர்ப்பில் இருக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற சொல்லுக்குக் கோபம், சீற்றம் என்கிற பொருள் உண்டு. கல்லறைக்கு முன்னால் கடவுளுக்கே கோபம் வருகிறது என்றால், பூப்பறிக்கிறவர் எங்கே போனார்? மரணத்தைப் பவுல் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள், "பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்." சத்துரு. தோட்டக்காரன் என்றோ வாசல் என்றோ அவர் அங்கே சொல்லவில்லை. ஒன்றுமே இல்லாத ஒன்றை எதற்கு ஜெயிக்க வேண்டும்? மரணம் ஒரு பொருட்டே இல்லை என்றால் ஈஸ்டரும் ஒரு பொருட்டே இல்லை.

பவுலின் அந்த அதிகாரத்தில், 1 கொரிந்தியர் 15இல், இன்னொரு வரியும் என் கண்ணில் பட்டது. உயிர்த்தெழுந்தவரை ஒரே வேளையில் ஐந்நூறு பேருக்கு மேல் பார்த்தார்கள், அவர்களில் அநேகர் இன்னும் இருக்கிறார்கள், சிலர் மாத்திரம் நித்திரையடைந்தார்கள் என்கிறார். அந்தக் கடிதம் எழுதப்பட்டது ஏறத்தாழ கி.பி. 55இல், சம்பவம் நடந்து கால் நூற்றாண்டுதான் ஆகியிருக்கும். எழுந்தவரை நேரில் பார்த்தவர்கள்கூட அதற்குள் சாக ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் பெட்டி போயிருக்கிறது. தெசலோனிக்கேயருக்கும் இதே பிரச்சினைதான், அதனால்தான் அவர்களுக்கு எழுதும்போது "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத்" துக்கிக்காதீர்கள் என்கிறார். எங்கள் பக்கத்துப் பிரசங்கங்களில் இந்த வசனத்தின் முன்பாதியை விழுங்கிவிட்டு "துக்கிக்காதீர்கள்" என்பதை மட்டும் துக்க வீட்டில் பரிமாறுகிறார்கள். துக்கமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. நம்பிக்கை உள்ளவன் துக்கப்படுகிற மாதிரி துக்கப்படு என்கிறார். அது எப்படி என்பதுதான் எனக்கு இன்னும் பாடம் நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன், தலைப்பே அதுதானே. வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் இருக்கிற அந்த நாளைப் பற்றிச் சுவிசேஷங்களில் என்ன இருக்கிறது? மத்தேயு காவல் வைத்த கதையைச் சொல்கிறார். லூக்கா ஒரே வாக்கியத்தில், கற்பனையின்படியே (கட்டளைப்படி என்று அர்த்தம்) ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள் என்று முடித்துவிடுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. நாமும் விசுவாசப் பிரமாணத்தில் "பாதாளத்தில் இறங்கினார்" என்பதை ஒரே மூச்சில் சொல்லித் தாண்டிவிடுகிறோம். கிழக்கத்திய சபைகள் அப்படித் தாண்டுவதில்லை. அவர்களுடைய ஈஸ்டர் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா, இஸ்தான்புல்லில் கோரா ஆலயமாக இருந்து இப்போது மசூதியாக இருக்கிற கட்டிடத்தின் சுவரில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது ஒன்று இருக்கிறது, நான் போனில்தான் பார்த்தேன். காலிக் கல்லறை இல்லை, கொடி பிடித்த இயேசு இல்லை. பாதாளத்தின் கதவுகள் உடைந்து காலடியில் கிடக்க, ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறைப் பெட்டியிலிருந்து இழுக்கிறார். கையோடு கை கோத்து அல்ல, மணிக்கட்டைப் பிடித்து. செத்தவன் கை எங்கே பிடிக்கப் போகிறது, பிடிக்கிற வேலை முழுக்க அவருடையது. ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் அக்காவின் கையை நான் பிடித்ததும் மணிக்கட்டில்தான், விரல்களில் பிடிக்கத் தெம்பில்லை.

2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20. (மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்பதால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வரும். அக்காவின் நினைவு நாள் நகராது, ஈஸ்டர்தான் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது.) அந்த வருடம் ஒரு கத்தோலிக்க நண்பர், "காலையில வர முடியலன்னா ராத்திரி எங்க கோயிலுக்கு வா" என்று பாஸ்கா திருவிழிப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமை இரவு. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார்கள். வெளியே புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியில் சிலுவையும் அந்த ஆண்டின் நான்கு எண்களும் கீறி, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்து ஏற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். அதிலிருந்து ஒவ்வொருவர் திரியாகப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பையன், எட்டு வயது இருக்கும், தன் திரியைச் சாய்த்து என் திரியைப் பற்ற வைக்கப் பார்க்கிறான், மெழுகு என் கைமேல் சொட்டுகிறது, அவன் "சாரி அங்கிள்" என்கிறான், திரி பற்றமாட்டேன் என்கிறது. மூன்றாவது தடவை பற்றியது. அவ்வளவுதான் நடந்தது, தரிசனம் எதுவும் இல்லை. ஆனால் ஈஸ்டர் இருட்டில், சனிக்கிழமையிலேயே தொடங்குகிறது என்று 53 வயதில் ஒரு சின்னப் பையன் எனக்குக் காட்டினான். யோவானும் அதைத்தானே எழுதியிருக்கிறார், மகதலேனா மரியாள் "அதிகாலையில் இருட்டோடே" வந்தாள் என்று. அன்று கொஞ்சம் பாடினேன்.

அதற்கு மறுநாளுக்கு மறுநாள், ஈஸ்டர் திங்கட்கிழமை, போப் பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. முந்தைய நாள்தான் மாடத்தில் வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்க ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்க, பாஸ்கா திரி எரிந்துகொண்டிருக்கும்போதே, ஜனங்கள் வரிசையில் நின்று அழுதார்கள். விசுவாசிகள் அழலாமா என்று அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மகதலேனா மரியாளைச் சொன்னேன் அல்லவா. அவளிடம் இயேசு கேட்கிற முதல் கேள்வியே "ஏன் அழுகிறாய், யாரைத் தேடுகிறாய்" என்பதுதான். அழாதே என்று சொல்லவில்லை, கேட்கிறார். அவளுக்கு ஆளைத் தெரியவில்லை, தோட்டக்காரர் என்று நினைக்கிறாள், இரண்டு தேவதூதர்களைப் பார்த்தும் அவள் அசரவில்லை. "மரியாளே" என்று கூப்பிட்டதும்தான் திரும்பிப் பார்க்கிறாள். இதை நூறு பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். "சின்னவனே" என்கிற குரல் நின்றுபோன பிறகுதான் அந்த வசனத்தில் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போவதுதான் மரணம். அந்தக் குரல் மறுபடி கூப்பிடும் என்பதுதான் நான் நம்புகிற உயிர்த்தெழுதல், பொதுவாக ஏதோ ஓர் ஒளியில் கலந்துவிடுவதை நான் நம்பவில்லை. சரீர உயிர்த்தெழுதல் என்று பிரமாணத்தில் அழுத்திச் சொல்லி வைத்திருக்கிறார்களே, அது எனக்கு ரொம்ப முக்கியம்.

நம்ப மறுத்த சீஷன் தோமாவிடம் இயேசு காட்டியதும் சரீரத்தைத்தான். மரணத்தையே ஜெயித்தவருக்கு ஆணித் தழும்பை அழிக்கத் தெரியாதா? அழிக்கவில்லை. எழுந்த உடம்பில் தழும்பு இருக்கிறது, அதை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஈஸ்டருக்கும் சிறப்புப் பக்கம் போடுவீர்கள், போடுங்கள், படமும் வாழ்த்தும் இருக்கட்டும். ஒரு மூலையில் கொஞ்சம் இடம் அந்தச் சனிக்கிழமைக்கும் ஒதுக்குங்கள். அந்தப் பத்திரிகையைப் பிரிக்கிறவர்களில் யாராவது அந்த வருடம்தான் அடக்கம் செய்துவிட்டு வந்திருப்பார்கள். எங்கள் சபையில் இந்த ஈஸ்டருக்கு அப்படி ஒரு அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பிப்ரவரியில் வீட்டுக்காரர் போய்விட்டார். எல்லாரும் எழுந்து பாடும்போது அவர் எழவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை, பாட்டுப் புத்தகத்தை மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் திறந்து வைத்தேன்.

அன்று மத்தியானம் அக்கா மகள் வந்திருந்தாள். மேஜை இழுப்பறையில் எதையோ தேடியவள் கையில் அந்த நகவெட்டி அகப்பட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, அங்க அம்மாவுக்கு அந்தக் கட்டைவிரல் சரியாகியிருக்குமா?" என்று கேட்டாள்.

"ஆகியிருக்காது. அப்புறம் நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றேன்.

நகவெட்டியைத் தூர எறியவா, வைக்கவா என்றாள். வை என்றேன். வேண்டியிருக்கும் என்றும் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்